நிஜமான வாக்கியமும் சரியான விடையும்

இந்த மூன்று வரிகளை நிதானமாகப் படித்துப் பார்ப்போம். எல்லா மாம்பழங்களும் பழங்கள். சில பழங்கள் இனிக்கும். ஆகவே, சில மாம்பழங்கள் இனிக்கும். இந்த வாதம் சரியா? சரிதான் என்று மனம் உடனே தலையாட்டிவிடும்.

இப்போது மாம்பழத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலுமிச்சையை வைப்போம். எல்லா எலுமிச்சைகளும் பழங்கள். சில பழங்கள் இனிக்கும். ஆகவே, சில எலுமிச்சைகள் இனிக்கும். இப்போது மனம் இடறுகிறது. இனிக்கிற பழங்கள் வேறெவையாகவோ இருக்கலாம். அவற்றில் எலுமிச்சையும் இருந்தாக வேண்டும் என்று முதல் இரண்டு வரிகள் சொல்லவே இல்லை. அப்படியென்றால், மாம்பழம் இருந்தாக வேண்டும் என்றும் அவை சொல்லவில்லை. வாதத்தின் அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான். மாம்பழம் இனிக்கும் என்பது நம் நாக்கு சொன்ன செய்தி. அதை அந்த வரிகள் சொன்னதாக எடுத்துக்கொண்டோம்.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தர்க்கப் பகுதியைப் பயிற்சி செய்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். நான்கு விடைகளைப் பார்த்ததும், ‘இவற்றில் எது உண்மை?’ என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். கேள்வி கேட்பதோ வேறு. கொடுத்த ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போகிற வழி தாங்குமா என்பதைத்தான் அது கேட்கிறது. உலகத்தில் நிஜமான ஒரு வாக்கியம் தவறான விடையாக இருக்கலாம். நாம் துளியும் ஒப்புக்கொள்ளாத ஒரு வாக்கியம் சரியான விடையாக இருக்கலாம். இது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

இது படிக்காதவர்கள் செய்யும் பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1983இல் ஜோனதன் எவன்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தர்க்கம் பிசகியிருந்தும் முடிவு நம்பும்படியாக இருந்த வாதங்களை, நூற்றுக்கு எழுபது முறைக்கும் மேல் மக்கள் ‘சரி’ என்றார்கள். அதே பிசகான தர்க்கம், நம்ப முடியாத முடிவோடு வந்தபோது நூற்றுக்குப் பத்து முறைதான் ஏற்கப்பட்டது. முடிவு பிடித்திருந்தால் அதற்கு வந்த பாதையை நாம் சோதிப்பதில்லை.

சட்டக் கல்லூரிகள் இதைத் தேடிப் பிடித்துச் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நீதிபதி வழக்கு நடந்த தெருவில் தினமும் நடந்து போகிறவராகவே இருக்கலாம். அவருக்குத் தெரிந்ததை வைத்து அவர் தீர்ப்பு எழுத முடியாது. தீர்ப்பு, நீதிமன்றத்தில் முறைப்படி மெய்ப்பிக்கப்பட்ட சங்கதிகள் மீதே அமைய வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 165ஆம் பிரிவு சொன்னது. அதன் இடத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அந்த விதியை அப்படியே வைத்திருக்கிறது. பதினேழு வயதில் இந்தக் கட்டுப்பாட்டைப் பழகத் தொடங்குவது நல்லதுதானே.

தேர்வைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கிளாட் என்று எல்லோரும் சொல்லும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு 2008இல் தொடங்கியது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி முதல் நம் திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வரை, ஐந்தாண்டுப் படிப்புக்கு இதன் வழியாகத்தான் மாணவர்களை எடுக்கிறார்கள். இப்போது 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. தர்க்கப் பகுதி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

2020இல் இந்தத் தேர்வு அடியோடு மாறியது. அதற்கு முன்பு, வட்ட மேசையில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், படத்தில் இருப்பவர் அவளுக்கு என்ன உறவு என்பது போன்ற புதிர்கள் நிறைய வந்தன. இப்போது சில நூறு சொற்கள் கொண்ட ஒரு பத்தியைக் கொடுத்து, அதன்மேல் கேள்விகள் கேட்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் தடித்த வழிகாட்டிகள் பல இன்னும் பழைய புதிர்களாலேயே நிரம்பியிருக்கின்றன. அவற்றில் மாதக்கணக்கில் உழைக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

நாமே ஒரு சிறு பத்தி எழுதிக்கொள்வோம். “ஒரு நகராட்சி தன் கடைத்தெருவில் வண்டிகள் வருவதற்கு ஓராண்டுக்கு முன் தடை போட்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருவின் மொத்த விற்பனை கூடியிருக்கிறது. ஆக, வண்டிகளைத் தடுத்தால் வியாபாரம் பெருகும். மற்ற ஊர்களும் இதைச் செய்ய வேண்டும்.”

முதல் வேலை, இதில் எது ஆதாரம், எது முடிவு என்று பிரிப்பது. விற்பனை கூடியது ஆதாரம். தடுத்தால் பெருகும், எல்லோரும் செய்ய வேண்டும் என்பவை முடிவு. ‘ஆக’, ‘ஆகவே’, ‘எனவே’ போன்ற சொற்கள் முடிவைக் காட்டிக்கொடுக்கும். ‘ஏனென்றால்’ ஆதாரத்தைக் காட்டும். எப்போதும் அந்தச் சொற்கள் இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்போது, ‘இவர் நம்மை எதை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார்?’ என்று கேட்டால் முடிவு தெரிந்துவிடும்.

கேள்வி இது: பின்வருவனவற்றில் எது இந்த வாதத்தை அதிகம் வலுவிழக்கச் செய்யும்? முதல் விடை: நடக்க முடியாத முதியவர்கள் தடையால் சிரமப்பட்டார்கள். இரண்டாவது: தடை வந்த அதே மாதத்தில் தெருமுனையில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. மூன்றாவது: வண்டிப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். நான்காவது: தொடக்கத்தில் வியாபாரிகள் தடையை எதிர்த்தார்கள்.

மனசாட்சி உள்ள பிள்ளைகள் முதல் விடையில் போய் நிற்பார்கள். முதியவர்களின் சிரமம் உண்மையான விஷயம், கவலைப்பட வேண்டிய விஷயம். ஆனால் வாதம் வியாபாரத்தைப் பற்றியது. முதியவர்கள் சிரமப்பட்டும் விற்பனை தடையாலேயே கூடியிருக்கலாம். மூன்றாவது மறுக்க முடியாத உண்மை, ஆனால் இந்த வாதத்தைத் தொடவே இல்லை. நான்காவதும் அப்படித்தான், முதலில் எதிர்த்தவர்கள் பிறகு லாபம் பார்த்திருக்கலாம். இரண்டாவதுதான் வாதத்தை உலுக்குகிறது. கூட்டம் வந்தது தடையாலா, பேருந்து நிலையத்தாலா? இனி நிச்சயமாகச் சொல்ல முடியாது. வாதம் பொய்யாகிவிட்டதா என்றால் இல்லை. வலுவிழந்திருக்கிறது, அவ்வளவுதான். கேள்வி கேட்டதும் அவ்வளவுதான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பேருந்து நிலையம் திறந்தார்கள் என்று பத்தியில் இல்லையே, அதை எப்படி நம்புவது? வலுப்படுத்து, வலுவிழக்கச் செய் என்னும் கேள்விகளில் விடைகள் நான்கையும் உண்மை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். விசாரணைக் கூண்டில் நிற்பது பத்தியின் வாதம். ‘பத்தியிலிருந்து எதை முடிவு செய்யலாம்?’ என்ற கேள்வியில் இது தலைகீழ். பத்தி அப்படியே உண்மை. கூண்டில் நிற்பவை விடைகள். யார் கூண்டில் நிற்கிறார்கள் என்பதைக் கேள்வியைப் படித்தவுடனே தீர்மானித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அந்த இரண்டாம் வகையில் சரியான விடை பெரும்பாலும் சாதுவாக இருக்கும். நம் பத்தியிலிருந்து, ‘தடைக்கு முன் அந்தத் தெருவில் விற்பனை இப்போதையதைவிடக் குறைவு’ என்று முடிவு செய்யலாம். இது ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிட்டு, ‘தடையால் எல்லாக் கடைகளும் லாபம் பெற்றன’ என்பதைப் பிடிப்போம். விற்பனை வேறு, லாபம் வேறு. மொத்தம் கூடியது வேறு, எல்லாக் கடையிலும் கூடியது வேறு. ‘எல்லா’, ‘ஒருபோதும்’, ‘மட்டுமே’ போன்ற கனமான சொற்களைக் கண்டால், அவற்றைத் தாங்கும் அளவுக்குப் பத்தியில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி, எல்லோரும் கடினம் என்று சொல்லும் எடுகோள் கேள்விக்கு வருவோம். எடுகோள் என்பது வாதம் செய்கிறவர் சொல்லாமலே நம்பியிருக்கும் ஒன்று. புடவை மடிப்புக்குள் குத்தியிருக்கும் ஊக்கு மாதிரி. வெளியே தெரியாது, கழற்றினால் மடிப்பு மொத்தமும் சரிந்துவிடும். அதனால் எடுகோளைக் கண்டுபிடிக்க நல்ல வழி, ஒவ்வொரு விடையாகக் கழற்றிப் பார்ப்பது. அதாவது, அதன் எதிர்மறையைச் சொல்லிப் பார்ப்பது.

‘விற்பனை கூடியதற்குத் தடையைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை’ என்று ஒரு விடை இருக்கிறது என்போம். எதிர்மறை: வேறு பெரிய காரணம் இருந்தது. வாதம் சரிகிறது. எனவே இது எடுகோள். இன்னொரு விடை: ‘வியாபாரத்தைப் பெருக்க வண்டிகளைத் தடுப்பது ஒன்றே வழி.’ கம்பீரமாக இருக்கிறது, வாதத்தோடு ஒத்தும் போகிறது. எதிர்மறையைச் சொல்வோம்: வேறு வழிகளும் உண்டு. வாதம் அசையவில்லை. வேறு வழிகள் இருந்தாலும் இதுவும் பலன் தரலாம் அல்லவா? ஆகவே இது எடுகோள் இல்லை. வாதத்துக்குத் தேவையானதைவிட அதிகம் சொல்கிற இந்த வகை விடைதான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையும் ஏமாற்றுகிறது. மூன்றாவதாக, ‘மற்ற ஊர்களின் கடைத்தெருக்களும் முக்கியமான விதங்களில் இந்தத் தெருவைப் போன்றவை’ என்பதைக் கழற்றிப் பாருங்கள். பத்தியின் கடைசி வரி என்ன ஆகிறது?

‘இருந்தால்’ என்பது போல ‘ஆல்’ என்று முடியும் நிபந்தனைகளும் ஒரு தனிப் பொறி. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் கற்பிக்கும்போது வருகிற உதாரணம், மலையில் புகை, எனவே அங்கே நெருப்பு. அடுக்களையில் காண்பது போல. புகை இருந்தால் நெருப்பு உண்டு. இதைத் திருப்பி, நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று சொல்லலாமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி, கூடாது என்பார்கள் நியாய நூலார். அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பு இல்லாவிட்டால் புகையும் இல்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

படிக்கும்போது சுலபமாக இருக்கிறது. 1966இல் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் வெளியிட்ட ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஆங்கில எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரிபவை ஏ, கே, 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும். விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? ஏ, 4 என்று பலரும் சொல்வார்கள். சரியான விடை ஏ, 7. நாலுக்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி மீறப்படாது. ஏழுக்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் மீறல். படித்தவர்களிலும் மிகச் சிலரே இதைச் சரியாகச் செய்தார்கள்.

1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் இதையே வேறு வேடத்தில் கேட்டார்கள். பீர் குடிப்பவர் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது விதி. பீர் குடிக்கிறவர், கோக் குடிக்கிறவர், 22 வயதுக்காரர், 16 வயதுக்காரர். யாரைச் சோதிக்க வேண்டும்? ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். பீர் குடிக்கிறவரின் வயதையும், 16 வயதுக்காரரின் கோப்பையையும் பார்த்தால் போதும். நமக்குத் தெரிந்த உலகம் தர்க்கத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளக் கைகொடுக்கிறது என்பதற்கு இது சாட்சி. எனவே குழப்பமான விதி வந்தால், அதை உரிமம், வயது, டிக்கெட் என்று தெரிந்த ஒன்றாக மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகு விடையைத் தீர்மானிக்க மட்டும் சொந்த அபிப்பிராயத்தைக் கூப்பிடாதீர்கள்.

பயிற்சி என்றதும் தினம் இத்தனை கேள்வி என்று கணக்கு வைப்பது வழக்கம். அதைவிட, பத்துக் கேள்விகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்று ஒரு நோட்டில் எழுதுவது எனக்கு மேலாகத் தோன்றுகிறது. ‘பத்தியில் இல்லை’, ‘அதிகம் சொல்கிறது’, ‘திருப்பிப் போட்டது’, ‘உண்மைதான், சம்பந்தமில்லை’ என்று அந்தத் தவறுகள் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். சில வாரங்களில் நம்முடைய பலவீனம் எந்த வகை என்று நோட்டே சொல்லும். கேள்விகளுக்கு 2020க்குப் பிந்தைய கிளாட் வினாத்தாள்கள் முதல் தேர்வு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் நுழைவுத் தேர்வின் தர்க்கக் கேள்விகளும் அருமையானவை, கொஞ்சம் கடினமானவை. 2024 ஆகஸ்டில் அந்தத் தேர்வும் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு, வாதங்களை ஆராயும் பகுதியைக் கூட்டிக்கொண்டது.

கழிவு மதிப்பெண்ணைக் கண்டு பயப்படவும் வேண்டாம். நான்கில் இரண்டை உறுதியாக நீக்கிவிட்டால், மிஞ்சிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நமக்குச் சாதகமான பந்தயம்: சரியானால் ஒன்று வரும், தவறினால் கால்தான் போகும்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அது கூடுதல் சுமை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பயிற்சிக் காலத்தில் ஆங்கிலப் பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடி, ‘இவர் என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார்?’ என்று தமிழில் இரண்டு வாக்கியமாகத் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்துவிட்டால் விடைகளுக்குப் போகலாம். சொல்ல வராவிட்டால் பத்தியை இன்னொரு தரம் படியுங்கள். விடைகளை அதுவரை பார்க்க வேண்டாம்.