சேமியாத் துண்டளவு திசு சொல்லும் செய்தி

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட ஒருவருக்குச் சில வாரங்கள் கழித்து இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய சிறுநீரகம் கழிவை வெளியேற்றத் தடுமாறுகிறது என்பது இதன் பொருள். காரணம் என்ன? உடலின் எதிர்ப்பாற்றல் அவ்வுறுப்பை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். அல்லது, டாக்ரோலிமஸ் போன்ற அந்த மருந்தே அளவு மிஞ்சிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அதைக் குறைக்க வேண்டும். அறிகுறி ஒன்றே, சிகிச்சையோ நேர் எதிர்!

இந்தச் சிக்கலை அவிழ்க்க உதவுவதே பயாப்ஸி எனப்படும் திசு ஆய்வு. டென்மார்க் மருத்துவர்களான ஐவர்சென், புரூன் ஆகிய இருவரும் ஊசி மூலம் சிறுநீரகத் திசுவை எடுக்கும் முறையை 1951இல் வெளியிட்டனர். மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், தோலுக்கு அருகிலேயே பொருத்தப்படுகிறது. எனவே மீயொலிக் கருவியின் திரையைப் பார்த்தபடி ஊசியைச் செலுத்துவது எளிது. கிடைப்பது ஒரு சிறு சேமியாத் துண்டளவு திசுதான்.

இத்துண்டை ஃபார்மலினில் இட்டு, நீர் நீக்கி, மெழுகில் பதித்து, ஏறத்தாழ 3 மைக்ரான் தடிமனுள்ள சீவல்களாக வெட்டுகிறார்கள். இது தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு! ஒளி ஊடுருவ வேண்டுமானால் சீவல் இவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும். சாயமேற்றிய பின் நுண்ணோக்கியில் பார்த்தால், நுண்குழாய்ச் சுவர்களுக்குள் வெள்ளணுக்கள் புகுந்திருப்பது உடலின் தாக்குதலைக் காட்டும். குழாய்ச் செல்களில் ஒரே அளவான நுண்குமிழ்கள் நிறைந்திருந்தால் மருந்தின்மேல் ஐயம் எழும்.

திசுவின் மற்றொரு பகுதியை ஃபார்மலினில் இடாமல் உறையவைத்து வெட்டி, ஒளிரும் சாயம் இணைத்த எதிர்ப்பொருளை அதன்மேல் இடுவதும் உண்டு. நீல ஒளியை உட்கொண்டு பச்சை ஒளியை உமிழும் இச்சாயம், நுண்ணிய இரத்தக் குழாய்களில் சி4டி என்னும் புரதம் படிந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். எதிர்ப்பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்பதற்கு அது ஒரு தடயம்.

இந்தியாவில் உயிருள்ளவர் அளித்த சிறுநீரகத்தைப் பொருத்தும் சிகிச்சை 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வெற்றி கண்டது. இன்று சென்னை, மதுரை, கோவை என அச்சிகிச்சை பல ஊர்களிலும் நடைபெறுகிறது. ஆனால் அறுவை அரங்கு மட்டும் போதுமா? திசுவைத் தொலைவிலுள்ள நகருக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்களில், மருத்துவர் ஊகத்தின்பேரில் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நேரிடும். ஊகம் தவறினால் சிறுநீரகமே பறிபோகக்கூடும்.

உள்ளூர் ஆய்வகம் ஒன்றை அமைக்க எல்லாக் கருவிகளும் முதல் நாளிலேயே தேவையில்லை. விரைவு முறையில் திசுவைப் பதப்படுத்தினால் அன்றைக்கே ஒளி நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். அதுவே முதற்படி. ஒளிர்சாய நுண்ணோக்கி அடுத்த படி. விலை மிகுந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் பெரிய மையத்தை நாடலாம். ஐயமான சீவல்களின் படங்களை அனுப்பி மூத்த வல்லுநரின் கருத்தையும் பெறலாம். கனடாவின் பான்ஃப் நகரில் 1991இல் கூடிய வல்லுநர்கள் வகுக்கத் தொடங்கிய பொது அளவுகோலால், ஓர் ஊரில் எழுதிய முடிவை மற்றோர் ஊரிலும் ஒரே பொருளில் படிக்க முடிகிறது.

கருவிகளைவிட அரியவை இரண்டு: மெல்லிய சீவலைப் பிசகின்றி வெட்டும் கை, அதைப் படிக்கப் பழகிய கண். இவ்விரண்டையும் உள்ளூரில் பயிற்றுவித்து வளர்ப்பதும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையின் ஒரு பகுதியே.