வீடு வாங்கியாச்சு, குடித்தனக்காரர் வாடகை தரவில்லை! என்ன செய்வது?

பெங்களூரில் சொந்தமாக ஒரு வீடு என்பது பல தமிழ்க் குடும்பங்களின் ஆயுட்காலக் கனவு. பிராவிடண்டு பண்டு பணம், மனைவியின் நகை, பாங்கிக் கடன் எல்லாவற்றையும் திரட்டி, அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு பழைய வீட்டை வாங்குகிறார்கள். கீழே தாங்கள் குடியேறலாம், மாடி வாடகை கடன் தவணைக்கு உதவும் என்பது அவர்கள் போடும் கணக்கு.

பத்திரம் பதிவான பிறகுதான் விஷயம் தெரிகிறது. மாடியில் இருப்பவர் பல மாதமாக வாடகையே தரவில்லை! கேட்டால், "என் அட்வான்சைக் கொடுங்கள், காலி செய்கிறேன்" என்கிறார். பழைய வீட்டுக்காரரோ கைகழுவி விடுகிறார்.

பாக்கி யாருக்கு?

வீடு கைமாறினாலும் குடித்தனம் முடிந்து விடுவதில்லை. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-வது பிரிவுப்படி, பழையவரின் இடத்துக்குப் புதிய வீட்டுக்காரர் வந்து விடுகிறார். கிரயத்துக்குப் பிந்தைய வாடகை அவருக்கே சேரும். முந்தைய பாக்கி பழையவருக்கு உரியது. அதை வசூலிக்கும் உரிமையையும் எழுதி வாங்கியிருந்தால்தான் புதியவர் கேட்க முடியும்.

வீடு கைமாறியது தெரியாமல் பழையவரிடமே வாடகை கொடுத்தவர், மறுபடியும் தர வேண்டியதில்லை. ஆகவே, கிரயம் முடிந்ததும் குடித்தனக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதே முதல் வேலை.

அட்வான்சு கணக்கு

பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்குவது பெங்களூரில் நெடுநாள் வழக்கம். வாடகை ரூ.8 ஆயிரம், அட்வான்சு ரூ.80 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மாத பாக்கி ரூ.56 ஆயிரம் போனால், குடித்தனக்காரருக்குச் சேர வேண்டியது ரூ.24 ஆயிரம். அந்தத் தொகையைப் பழையவர் கிரய விலையில் கழித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவரின் தலையில்தான் வந்து விடியும்.

"லீசு" வீடு என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இருப்பவர் அவர். பணம் திரும்பக் கிடைக்காமல் அவர் நகர மாட்டார்.

பதிவு செய்யாத 11 மாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றிதழில் வராது. "எனக்குத் தெரியாது" என்று சொல்லவும் முடியாது. வீட்டில் ஒருவர் குடியிருந்தால், அவருடைய உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் கருதுகிறது.

நோட்டீசும் கோர்ட்டும்

1999-ம் ஆண்டு கர்நாடக வாடகைச் சட்டம் 2001 டிசம்பர் 31-ந்தேதி அமலுக்கு வந்தது. பெங்களூரில் மாத வாடகை ரூ.3,500-க்கு மேற்பட்ட வீடுகளுக்கு அது பொருந்தாது. அந்த வீடுகளில் மாதக் குடித்தனத்தை முடிக்க, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள் நோட்டீசு கொடுக்க வேண்டும். அதற்கும் காலி செய்யாவிட்டால் சிறு வழக்குகள் கோர்ட்டை நாடலாம். குறைந்த வாடகையுள்ள பழைய குடித்தனங்களுக்கு வாடகைச் சட்டமே பொருந்தும். பாக்கி கேட்டு நோட்டீசு கொடுத்து, இரண்டு மாதம் பொறுக்க வேண்டும்.

நோட்டீசுக் காலம் முடிந்த பிறகு வக்கீலைக் கேட்காமல் வாடகைப் பணம் வாங்கக் கூடாது. நோட்டீசையே கைவிட்டு விட்டதாக எதிர்த்தரப்பு வாதாட அது இடம் கொடுக்கும்.

பூட்டுப் போடலாமா?

கூடவே கூடாது! ஆத்திரத்தில் பூட்டுப் போடுவதும், தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதும் வீட்டுக்காரரையே குற்றவாளி ஆக்கிவிடும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், 1963-ம் ஆண்டு குறிப்பிட்ட பரிகாரச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மீண்டும் உள்ளே வரலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அதில் எழாது.

வாடகை தராதவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்ல. சிலருக்கு வேலை போயிருக்கும். சிலர், பழையவர் அட்வான்சைத் தர மாட்டார் என்று பயந்து, அதிலேயே வாடகையைக் கழித்துக்கொண்டிருப்பார்கள். கோர்ட்டுச் செலவையும் காலத்தையும் கணக்கிட்டால், பாக்கியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, காலி செய்யும் தேதியை எழுதி வாங்குவது பல நேரங்களில் லாபம்.

எல்லாவற்றையும் விட நல்லது ஒன்று உண்டு. பத்திரப் பதிவுக்கு முன்பே மாடி ஏறிச் சென்று குடித்தனக்காரரிடம் பேச வேண்டும். வாடகை எவ்வளவு, அட்வான்சு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதி, மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். முடியுமானால், வீடு காலியான பிறகே முழுப் பணத்தையும் கொடுக்கலாம்.