சித்திரக் கதைக்கு ஏற்ற பேனா

சென்ற கோடை விடுமுறையில் நம் ரயில்வே காலனிச் சிறுவர்கள், சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்காகப் பன்னிரண்டு பக்கங்களில் ஒரு சித்திரக் கதை தயாரித்தனர். இவ்வடநாட்டுப் பள்ளியில் தமிழ் கற்கும் வாய்ப்பில்லாத அக்குழந்தைகள், பாத்திரங்களின் பேச்சைத் தமிழிலேயே எழுதியிருந்தனர். அதற்கென ஆபீஸ் வேலைக்கு நாம் வைத்திருந்த பவுண்டன் பேனாவைக் கொடுத்தோம். பின்னர் நீர்வர்ணம் பூசியதும் மை கரைந்தது. கதாநாயகன் முகம் கருத்துப் போயிற்று. எழுத்து ஒன்றும் எஞ்சவில்லை. மூன்று வார உழைப்பு வீணானதற்குப் பொறுப்பு நம்முடையதாதலின், இவ்விஷயத்தை விசாரித்தறிந்து எழுதத் துணிந்தோம்.

முதலில் பார்க்க வேண்டியது பேனாவை அன்று, மையை. பவுண்டன் பேனா மை பெரும்பாலும் நீரில் கரைத்த சாயம். காய்ந்த பின்னும் ஈரம் பட்டால் கரைந்துவிடும். 'இந்தியன் இங்க்' எனப்படும் கறுப்பு மையில் இருப்பதோ நுண்ணிய கரித்துகள். அரக்குச் சேர்ந்த வகை உலர்ந்துவிட்டால் நீருக்கு அசையாது. ஆனால் அதே அரக்கு பவுண்டன் பேனாவினுள் உறைந்து, மை வரும் வழியை அடைத்துவிடும். ஆகவே அதற்குத் தொட்டெழுதும் கட்டைப் பேனாவோ தூரிகையோதான் உரியது. எந்த மையாயினும் துண்டுக் காகிதத்தில் கோடிட்டு, உலர்ந்தபின் ஈரத் தூரிகையால் தடவிப் பார்க்க வேண்டும். நாம் செய்யத் தவறியது இந்த வேலையே.

கட்டைப் பேனாவின் சிறப்பு முள்ளின் நெகிழ்ச்சியில் இருக்கிறது. அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும். கையைத் தளர்த்தினால் மயிரிழையாகும். ஜப்பானியச் சித்திரக்காரர் பலர் விரும்பும் 'ஜி பேனா' முள் இத்தகையதே. புது முள்ளில் துருப்பிடிக்காதிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைத் துடைக்காவிடில் மை ஒட்டாது. (மை சொட்டவும் செய்யும். வெள்ளை வேட்டியுடன் பழக அமர்வோர் வீட்டாரின் சம்மதம் பெறுவது நலம்.)

சிறுபிள்ளைகளுக்கு மெல்லிய நார்முனைப் பேனாவே சுலபம். ஜப்பானின் சகுரா நிறுவனம் 1982-இல் உருவாக்கிய 'பிக்மா' மை, சாயமன்று, நிறமித்துகள். உலர்ந்தபின் நீரில் கலையாது. அம்மை கொண்ட 'மைக்ரான்' பேனாக்களில் 01 என்பது 0.25 மில்லிமீட்டர் கோடு. 05 என்பது 0.45. கோடு ஒரே தடிமனாய் வரும். அழுத்தி வரைந்தால் முனை நசுங்கிவிடும்.

ஸ்பிரிட் கலந்த தடித்த மார்க்கர்களை நாம் அவ்வளவாக விரும்பவில்லை. மை கோட்டைத் தாண்டிப் பரவுவதோடு மறுபக்கத்திலும் ஊறித் தெரிகிறது. பெரிய கருமைப் பரப்புகளுக்குத் தூரிகையே போதும்.

நம் எழுத்திற்கு இன்னொரு கவனம் வேண்டும். தடித்த முனையால் சிறிதாக எழுதினால் சுழிகள் அடைபட்டு 'ண'வும் 'ன'வும் ஒன்றாய்த் தோன்றும். தமிழ்ச் சொற்கள் நீளமானவையும்கூட. குமிழியை முதலில் வரைந்துவிட்டு, 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்பதை அதனுள் திணிக்க நம் பிள்ளைகள் பட்ட பாட்டை நேரில் கண்டோம். எழுத்தை எழுதி முடித்து, அதைச் சுற்றிக் குமிழி வரைவதே முறை. பெரிதாக வரைந்து, பிரதி எடுக்கையில் சிறிதாக்க எண்ணினால் மிக மெல்லிய கோடுகள் மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மை முற்றும் உலர்ந்த பின்னரே பென்சில் கோட்டை அழிக்கலாம்.

சிறுவர்கள் இப்போது இரண்டாம் முறையாக ஐந்தாம் பக்கம் வரை முடித்திருக்கின்றனர். நம் சட்டைப் பையில் பவுண்டன் பேனாவைக் கண்டால் காகிதங்களை மூடி வைத்துக்கொள்கின்றனர்.