கட்டடத்திற்கு மூன்றாவது கணக்கு

கூட்டுறவுச் சங்கமொன்று புதிய கட்டடம் எழுப்ப முற்படும்போது இரண்டு கணக்குகள் மகாசபையின் முன் வைக்கப்படுகின்றன. ஒன்று செலவு மதிப்பீடு. மற்றொன்று கடன் தவணை. மூன்றாவது கணக்கும் ஒன்று உண்டு. அக்கட்டடத்தின் பொருட்டு எவ்வளவு கரியமிலவாயு காற்றில் கலக்கிறது என்பதே அது. இக்கணக்கு பெரு நகரங்களுக்கே உரியதென்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், கத்திரி வெயிலில் ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் செல்லும்வரை.

அச்சங்கத்தின் நெசவுக்கூடம் சில ஆண்டுகளுக்கு முன் கான்கிரீட் கூரையுடன் கட்டப்பட்டது. நடுப்பகலில் மின்விசிறிகள் ஓயாது சுழன்றும் வெக்கை தணியவில்லை. பாவு காய்ந்து இழைகள் அடிக்கடி அறுந்தன. “ஓட்டு வீட்டுக் குழித்தறியிலே இந்தத் தொல்லை இல்லைங்க ஐயா. அறுந்த இழையை முடியவே பாதிப் பொழுது போயிடுது” என்றார் முதிய நெசவாளர் ஒருவர். மண் தரையும் தடித்த சுவரும் காத்த ஈரப்பதத்தைப் புதிய கூடம் காக்கவில்லை. நெய்த அளவுக்கே கூலி பெறுவோருக்கு இது சிறு குறையன்று. அதே அமைப்பில் இரண்டாவது கூடம் கட்டுவதற்கான மதிப்பீடு அன்று காரியதரிசியின் மேசைமீது இருந்தது.

கட்டடத்தின் கரிக்கணக்கு இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, கட்டும் பொருள்களைச் செய்வதில் வெளிப்படுவது. இரண்டாவது, கட்டிய பின் விசிறிக்கும் விளக்கிற்கும் செலவாகும் மின்சாரத்தால் ஆண்டுதோறும் சேர்வது. சிமெண்டை எடுத்துக்கொள்வோம். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கரியமிலவாயுவாக வெளியேறும். சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். சாதாரண சிமெண்ட் ஒரு டன்னுக்குச் சுமார் 850 கிலோ என்று வைத்துக்கொண்டால், 200 மூட்டை, அதாவது 10 டன், பிடிக்கும் கட்டடத்திற்கு எட்டரை டன் ஆகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் முப்பது விழுக்காடு கலந்த சிமெண்டை வாங்கினால் இது ஏறத்தாழ ஆறு டன்னாகக் குறையும். இதற்குப் பள்ளிக் கணிதமே போதும்.

சட்டம் இதைக் கவனியாதோ என்று கேட்கலாம். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் கட்டட விதித்தொகுப்பு 2007-இல் வெளிவந்து, 2017-இல் திருத்தப்பெற்றது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதன் நோக்கத்தை மேலும் விரிவாக்கியது. எனினும் அவ்விதித்தொகுப்பு 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்சுமை கொண்ட பெரிய கட்டடங்களைக் கருதி எழுந்தது. இருபது விசிறிகள் ஓடும் நம் கூடமோ இரண்டு கிலோவாட்டைக்கூட எட்டாது. ஆகவே சட்டம் நம் வாசலுக்கு வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை. சங்கத்தின் தீர்மானமே நமக்குச் சட்டம்.

ஆயினும் தீர்மானம் சுவர் எழுப்பாது. கொத்தனாரின் கை எழுப்பும். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில், செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவர். செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். இடையே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். இதை நான் கூறியதும், “கிடங்கிலே இருக்கிற எலி போதாதுங்களா?” என்று ஓர் அங்கத்தினர் கேட்க, கூடம் சிரித்தது. உடனிருந்த கொத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. “கல்லு ஒரே அளவா இல்லேன்னா இந்தக் கட்டு சரியா வராதுங்க. எங்களுக்கு யாரும் கத்துக் கொடுக்கலை” என்றார். அவர் கூறியது உண்மை. சாம்பல் கலந்த சிமெண்டும் அவ்வாறே. அது மெதுவாக இறுகுவதால், வழக்கமான ஏழு நாளோடு நில்லாமல் பத்து நாளேனும் நீர் காட்ட வேண்டும். பயிற்சியின்றிப் புதுமுறையைப் புகுத்தினால் சுவரும் பழுதாகும், முறைக்கும் அவப்பெயர் நேரும். திருச்சூரில் 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனமும், ஆரோவில் மண் கட்டுமான நிலையமும் இத்தகைய வேலைகளில் பயிற்சி அளித்து வந்துள்ளன.

ஆணையிட எனக்கு அதிகாரமில்லை. யோசனை கூறவே இயன்றது. மதிப்பீட்டில் சிமெண்ட், இரும்பு, செங்கல் ஒவ்வொன்றுக்கும் எதிரே கரிக்கணக்கையும் எழுதுக. கூரைக்கு ஓடும் மேலே வெள்ளைச் சுண்ணாம்பும் ஏற்குமா என ஆராய்க. உள்ளூர்க் கொத்தனார் இருவரைச் சங்கச் செலவில் பயிற்சிக்கு அனுப்புக. நிர்வாகக் குழு அன்றே முடிவு செய்யவில்லை. மதிப்பீட்டைத் திருப்பியனுப்பி, மறுமுறை போட்டுவரச் சொன்னது. அதுவே நல்ல தொடக்கம்.

நமது பங்குப் பணத்தில் எழும் சுவர் ஐம்பது ஆண்டு நிற்கும். அதனுள் தறியில் அமர்பவர் நம் பிள்ளைகள். அவர்களுடைய இழை அறாதிருக்க வேண்டுமாயின், அடிக்கல் நாட்டுமுன் மூன்றாவது கணக்கையும் மகாசபை கேட்டுப் பெறட்டும்.