விரலிடுக்கில் ஒரு குடித்தனம்

ஆங்கிலத்தில் இந்நோய்க்கு ‘அத்லெட்ஸ் ஃபுட்’ என்று பெயர். விளையாட்டு வீரரின் பாதம் என்று பொருள்படும். ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசிக்கு ஒருவர் முன்னால் வருகிற எனக்கு இப்பட்டம் கிடைத்தது வேடிக்கைதான். எங்கள் ஊரில் இதற்குச் சேற்றுப்புண் என்று பெயர். நடவு வயலில் நிற்கும் பெண்களின் கால்விரல் இடுக்குகளில் தோல் வெள்ளையாக ஊறி, வெடித்து, அரிப்பெடுக்கும் புண். வயலை விட்டுக் கல்லூரிக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு அது வராது என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எவ்வாறு பொய்த்தது, எட்டு மாத காலம் அது என்னை எவ்வாறு ஏய்த்தது என்பதைத் தாவரவியல் மாணவன் என்ற முறையில் எழுதத் துணிகிறேன். அருவருப்பான பொருள் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம் நண்பர்களே! விடுதிப் படிப்பறையில் எத்தனை பேர் மேசைக்கடியில் ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும்.

2024 நவம்பரில் தொடங்கியது. அப்போது நான் முதலாண்டு. என்.சி.சி.யில் சேர்ந்த புதிது. மழைக்காலம். என்னிடம் இருந்ததோ ஒரு ஜோடி ஷூ, இரண்டு ஜோடி காலுறை. அணிவகுப்பில் நனைந்த ஷூ மறுநாள் காலைவரை உலராது. அதையே மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவேன். மூன்றாவது வாரம் இடது காலின் சுண்டுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் நடுவே அரிக்கத் தொடங்கியது. இந்நோய் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் கால்கோள் இடும் என்று பின்னர் அறிந்தேன். அங்கேதான் விரல்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, காற்றுப் புகாமல், ஈரம் தங்குகிறது.

விடுமுறையில் அம்மா மருதாணி இலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். எரிச்சல் தணிந்தது, நோய் தணியவில்லை. திரும்பி வந்ததும் ஒரு மருந்துக்கடையில் காலைக் காட்டினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு களிம்பைக் கொடுத்தார். என்ன மாயம்! மூன்றே நாளில் சிவப்பும் அரிப்பும் போயின. நிறுத்தினேன், பத்தாம் நாள் திரும்பி வந்தது. மறுபடியும் பூசினேன்; மறைந்தது; மறுபடியும் வந்தது, இம்முறை பாதத்தின் அடிப்பக்கம் வரை பரவிக்கொண்டு. இப்படி மூன்று குழாய் களிம்பு தீர்ந்தது. அந்தப் பணத்தில் நாலு ஜோடி காலுறை வாங்கியிருக்கலாம்.

விடை கிடைத்தது எங்கள் செய்முறை வகுப்பில். 2025 மார்ச்சில், பூசணம் பிடித்த ரொட்டியிலிருந்து ரைசோபஸ் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் காலைத் தேய்ப்பதைப் பேராசிரியர் கவனித்துவிட்டார். “ரொட்டி எதற்கப்பா? உன் காலிலேயே இருக்கிறதே” என்றார். வகுப்பே சிரித்தது. ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுத்தப்படுத்திய கத்தியின் மொட்டைப் பக்கத்தால் புண்ணின் ஓரத்திலிருந்து செதில்களைச் சுரண்டி, கண்ணாடி வில்லையில் வைத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விடச் சொன்னார். காரம் தோல் செல்களின் கெரட்டினைக் கரைத்துத் தெளிவாக்கிவிடும். பூஞ்சையின் செல்சுவரோ கைட்டினால் ஆனது, அசையாது. நண்டின் ஓட்டில் இருக்கிறதே, அதே கைட்டின்தான். சற்று நேரம் பொறுத்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். கலங்கிய செல்களுக்கு ஊடே கண்ணாடி நூல் போலக் கிளைத்து, குறுக்குச் சுவர்களோடு ஓடின பூஞ்சையிழைகள். பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்தது என் விரலிடுக்கில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது! வெட்கம் ஒருபுறம், உண்மையைச் சொன்னால், பெருமை ஒருபுறம்.

இன்ன சிற்றினம் என்று அந்த வில்லையைக் கொண்டு சொல்ல முடியாது. அதற்குச் சாபூரோ ஊடகத்தில் வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். உலகெங்கும் இந்நோய்க்கு மிகுதியும் காரணமாவது டிரைக்கோபைட்டான் ரூப்ரம். இது மண்ணில் வாழ்வதில்லை. பெரும்பாலும் மனிதத் தோலையே நம்பிப் பிழைக்கிறது. ஒருவர் காலிலிருந்து உதிரும் செதிலில் பல மாதம் உயிரோடு கிடந்து, ஈரமான குளியலறைத் தரையில் அடுத்தவர் காலில் ஏறுகிறது. பூஞ்சை மனிதனுக்கு நோய் தரும் என்பதைப் பாரிசில் டேவிட் குரூபி என்பவர் 1841இல், தலையில் வரும் ஒருவகைப் படையை ஆராய்ந்து காட்டினார். காசநோய்க் கிருமியைக் கோக் கண்டறிவித்த 1882க்கு நாற்பத்தோராண்டு முன்னால்! ஆயினும் பாக்டீரியாவுக்குக் கிடைத்த மரியாதை பூஞ்சைக்கு ஏனோ கிடைக்கவில்லை.

பேராசிரியர் சொற்படி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். பழைய களிம்புக் குழாயை வாங்கி, அதன் பொடியெழுத்தைப் படித்த மருத்துவர், அதில் ஸ்டீராய்டு இருப்பதைக் காட்டினார். சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை விரட்ட நம் உடல் நடத்தும் போரின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அப்போரை அடக்கிவிடுகிறது. பார்வைக்குப் புண் ஆறியதுபோல் தோன்றும். உள்ளே பூஞ்சை தடையின்றிப் பரவும். காவலரைத் தூங்க வைத்துவிட்டு ஊர் அமைதியாக இருக்கிறது என்று மகிழ்ந்திருக்கிறேன்!

அவர் எழுதித் தந்தது குளோட்ரிமசோல் களிம்பு, ஒரு சதவீதம். பூஞ்சை தன் செல்சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அத்தயாரிப்பை இம்மருந்து தடுக்கிறது. நம் செல்சவ்வில் இருப்பது கொலஸ்டிரால் ஆகையால் நமக்குக் கேடில்லை. காலையும் இரவும், புண்ணைத் தாண்டி இரண்டு விரற்கடை வரை, நான்கு வாரம் பூச வேண்டும். புண் மறைந்த பின்னும் இரண்டு வாரம் விடக்கூடாது என்று இருமுறை சொன்னார்.

நான் பன்னிரண்டாம் நாள் நிறுத்தினேன். அரிப்பே இல்லையே, பிறகு எதற்கு என்று ஒரு மேதாவித்தனம். மே மாதம் திரும்பி வந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மீண்டும் போனபோது மருத்துவர் திட்டவில்லை. “பூஞ்சை இருப்பது செத்த தோலில். அந்தத் தோல் உதிர்ந்து அடியிலிருந்து புதுத் தோல் ஏறிவர ஒரு மாதம் ஆகும். அதற்குள் மருந்தை நிறுத்தினால் மிச்சம் இருப்பது மறுபடி முளைக்கும்” என்றார். கோரையை மேலாக அறுத்துவிட்டு கிழங்கை விட்டுவைத்த கதை. வயலில் பிறந்தவனுக்கு இதைச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டியிருந்தது.

இம்முறை ஒழுங்காக இருந்தேன். குளித்ததும் விரலிடுக்குகளைத் தனித் துணியால் ஒற்றி, உலர்ந்த பிறகே களிம்பு. காலுறையைத் தினம் துவைத்து வெயிலில் போட்டேன். இரண்டாவது ஷூ வாங்க வழியில்லை. இரவில் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைப்பேன், ஈரத்தை உறிஞ்சிவிடும். வகுப்புக்கு ரப்பர் செருப்போடு போக அனுமதி கேட்டுப் பெற்றேன். ஜூன் கடைசியில் புதுத் தோல் வந்துவிட்டது. இன்றுவரை திரும்பவில்லை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் 2023 ஐப்பசியில், நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, நடவு முடிந்து வந்த அம்மாவுக்கு வலது கால் முழங்கால் வரை சிவந்து வீங்கி, குளிர்காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் ஊசி போட்டார்கள். ‘உள்ளே கிருமி போய்விட்டது’ என்றார்கள். எவ்வழியாகப் போயிற்று என்று நானும் கேட்கவில்லை. இப்போது மருத்துவரிடம் கேட்டேன். விரலிடுக்கு வெடிப்பு பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல் என்றார். முதலில் அவ்வாசலைத்தான் பார்க்க வேண்டுமாம்.

ஊருக்குப் போய் அம்மாவின் காலைத் தூக்கிப் பார்த்தேன். எல்லா இடுக்கிலும் வெடிப்பு. “நடவுக்குப் போறவளுக்குச் சேத்துப்புண்ணு இல்லாம செருப்புக்கடியா இருக்கும்?” என்று காலை இழுத்துக்கொண்டார். வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். சேற்றுப்புண் எல்லாம் ஒரே பூஞ்சை அல்ல. ஈஸ்ட் வகையான கேண்டிடாவும் பாக்டீரியாவும் கலந்திருக்கும் என்று மருத்துவர் விளக்கி, மருந்து தந்து, “காலை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் சேற்றில் நின்றால்தான் கூலி. என் ஷூவுக்குள் திணித்த செய்தித்தாள் அம்மாவுக்கு எவ்விதத்தில் உதவும்?

கரையேறியதும் நல்ல நீரில் கழுவுவது, முந்தானையால் அல்லாமல் உலர்ந்த துணியால் துடைப்பது, இரவில் களிம்பு பூசுவது என்று முடிந்ததைச் செய்கிறோம். 2025 நடவில் புண் வந்தது; ஆனால் வெடிக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. பொங்கலுக்குப் போயிருந்தபோது, “அந்தக் களிம்பு இன்னும் ரெண்டு வாங்கிட்டு வாடா, பக்கத்து வீட்டு அத்தைக்கும் வேணுமாம்” என்றார் அம்மா. அத்தையை முதலில் மருத்துவரிடம் காட்டச் சொல்லும்மா என்றேன். அத்தைக்கு ஒரு நாள் கூலி போகும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நானே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.