25 வருட வாரன்ட்டி... இரண்டு மாத வெயில் டெஸ்ட்!

மொட்டை மாடியில் சோலார் பேனல் மாட்ட வருகிறவர்கள் முதலில் சொல்வது, ‘25 வருஷம் வாரன்ட்டி சார்!’ அத்தனை வருடம் வெயிலில் கிடக்கப்போகும் பொருளை, விற்பதற்கு முன்பு எவ்வளவு வெயிலில் வைத்துப் பார்த்தார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

வெயிலோடு புற ஊதாக் கதிரும் வருகிறது. வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை வெளுக்கவைத்து, ஒருநாள் உட்கார்ந்ததும் ‘படக்’கென்று ஒடியவைக்கும் அதே கதிர்தான். பேனலுக்குள்ளும் பிளாஸ்டிக் உண்டு. கண்ணாடியையும் செல்லையும் ஒட்டிப் பிடித்திருக்கும் இ.வி.ஏ. என்ற மெல்லிய படலம் அது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கரிசோ சமவெளியில் 1980-களில் பெரிய சோலார் நிலையம் ஒன்றை அமைத்தார்கள். கூடுதல் மின்சாரத்துக்கு ஆசைப்பட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற தகடுகளைப் பக்கத்தில் நிறுத்தி, வெயிலை பேனல் மீது திருப்பிவிட்டார்கள். சூடும் புற ஊதாவும் சேர்ந்துகொள்ள, படலம் மஞ்சளாகி, பிறகு டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. உற்பத்தி சரிந்தது. 1990-களில் நிலையத்தையே பிரித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் படலத்தில் கலக்கும் ரசாயனங்களில் கவனம் கூடியது.

இப்போது பேனல்களுக்கு ஐ.இ.சி. 61215 என்ற சர்வதேசத் தரச்சோதனை இருக்கிறது. இந்தியாவில் அதன் பெயர் ஐ.எஸ். 14286. ஓர் அறைக்குள் பேனலை வைத்து, 60 டிகிரி சூட்டில், விளக்குகள் மூலம் புற ஊதாவைப் பாய்ச்சுவார்கள். அளவு, சதுர மீட்டருக்கு 15 யூனிட். கரன்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். நல்ல வெயில் அடிக்கும் ஊரில் ஒரு வருடத்தில் விழும் புற ஊதாவே சுமார் 100 யூனிட். அப்படியென்றால் இந்த டெஸ்ட், ஏறக்குறைய இரண்டு மாத வெயில்! மட்டமான சரக்கை ஆரம்பத்திலேயே கழித்துக்கட்ட இது போதும். 25 வருடத்துக்குச் சாட்சி சொல்ல இது போதாது.

இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. டாப்கான் போன்ற புதிய ரக செல்களின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய குறைகளை ஹைட்ரஜன் அணுக்கள் அடைத்து வைத்திருக்கும். புற ஊதா அந்தப் பிணைப்பை உடைத்தால், மின்சாரம் குறையும். நிறம் மாறாது, கண்ணுக்கு எதுவும் தெரியாது. சில நவீன செல்கள் பழைய ரகத்தைவிட அதிகமாகப் பாதிக்கப்படுவதை அமெரிக்க தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தின் சோதனைகள் காட்டின.

இதனால் சில கம்பெனிகள் தாமாகவே 60, 120 யூனிட் வரை டெஸ்ட் செய்கின்றன. வாங்கும்போது அந்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள். டெஸ்ட்டுக்குப் பின் எத்தனை சதவிகிதம் மின்சாரம் குறைந்தது என்பதைப் பாருங்கள். நீங்கள் வாங்கும் மாடலின் பெயர்தான் அதில் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். ஒட்டும் படலத்தை மாற்றினாலே முடிவும் மாறிவிடும்.