மலைப்படிகளில் குழந்தையைச் சுமத்தல்: பக்கிள் கேரியரைத் தேர்ந்தெடுக்கும் முறை

சந்திரகிரிக்கு அருகே சீனிவாசமங்காபுரத்தைக் கடந்து தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு, 2,388 படிகளைக் கொண்டு திருமலைக்கு ஏறும் குறுகிய பாதையாகும். அலிபிரியிலிருந்து செல்லும் மற்றொரு பாதையில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. தமிழகத்திலிருந்து வரும் குடும்பங்கள் பல, குழந்தைக்கு முதல் முடி இறக்கும் வேண்டுதலுடன் ஒரு வயதை ஒட்டியோ மூன்றாம் வயதிலோ இப்பாதைகளில் ஏறுகின்றன. ஒரு வயதுக் குழந்தை சராசரியாக 9 கிலோவும், மூன்று வயதுக் குழந்தை 14 கிலோவும் எடை கொண்டிருக்க, அவ்வெடையைக் கைகளில் மட்டும் தாங்கி ஏறுவது பெற்றோரின் முதுகையும் முழங்காலையும் வருத்துவதால், இடுப்புப் பட்டையும் தோள்பட்டைகளும் கொக்கிப் பூட்டுகளும் கொண்ட 'பக்கிள் கேரியர்' இக்குடும்பங்களுக்குப் பயன்படும் கருவியாகிறது. ஆனால் அதை விலையையும் பஞ்சின் மென்மையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கமே பரவலாக உள்ளது. உண்மையில் பார்க்க வேண்டியது குழந்தையின் கால்கள் அதில் எப்படி அமர்கின்றன என்பதையும், எடை சுமப்பவரின் எந்த எலும்பின் மீது இறங்குகிறது என்பதையும்தான்.

இடுப்பு மூட்டும் கால்களின் அமைவும்

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் பொருந்துவதே இடுப்பு மூட்டு. பிறந்த சில மாதங்கள் வரை அக்குழியின் பெரும்பகுதி மென்மையான குருத்தெலும்பாகவே இருப்பதால், உருண்டைத் தலை சரியாக உள்ளே தங்கினால்தான் குழி ஆழமாக வளரும். தங்காமல் நழுவும் நிலை 'இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு' எனப்படுகிறது. பிறந்த குழந்தையின் கால்களை நீட்டிச் சேர்த்துக் கட்டும் வழக்கத்தைக் கைவிடுமாறு 1970களில் ஜப்பானில் பரப்புரை செய்யப்பட்ட பின், அங்கு இக்குறைபாடு வெகுவாகக் குறைந்தது.

நம் ஊர்களில் தாயும் பாட்டியும் குழந்தையை இடுப்பில் தூக்கி வைக்கும்போது, கால்கள் அகன்று, தொடைகள் தாங்கப்பட்டு, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கின்றன. எலும்பியல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் அமைவும் இதுவே. ஆகவே, இடுப்பில் அமர்ந்த குழந்தையின் கால்களை நினைவில் வைத்து, அதே அமைவைத் தருகின்ற கேரியரைத் தேடுவது எளிய, நம்பத்தகுந்த அளவுகோலாகும். இருக்கைத் துணி ஒரு முழங்காலின் உட்பக்கத்திலிருந்து மறு முழங்காலின் உட்பக்கம் வரை எட்ட வேண்டும். கவட்டை மட்டும் தாங்கி, கால்களைக் கீழே தொங்கவிடும் குறுகிய கேரியர் நல்ல மூட்டைக் கெடுக்கும் என்று நிறுவப்படவில்லை; எனினும் முதல் ஆறு மாதங்களில் அதைத் தவிர்ப்பதே நல்லது. வளர்ந்த குழந்தைக்கும் தொடை தாங்கப்படாத இருக்கை நெடுநேரம் வசதி தராது.

சுமப்பவரின் உடல்

இடுப்பில் தூக்கும் பழைய முறையின் குறை, எடை முழுதும் ஒரு பக்கமே சாய்வதும், ஒரு கை எப்போதும் கட்டுண்டு கிடப்பதும் ஆகும். நல்ல கேரியர் இக்குறையை நீக்குகிறது: அகன்ற, விறைப்பான இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் அமர்ந்து எடையின் பெரும்பகுதியை ஏற்க, தோள்பட்டைகள் குழந்தையை உடலோடு ஒட்டி நிறுத்துகின்றன. பட்டை தளர்ந்து வயிற்றுக்குக் கீழே இறங்கினால் குழந்தை தொங்கி, தோள்கள் முன்னே இழுபட்டு, கீழ்முதுகு வளைந்து வலிக்கும். முன்பக்கம் சுமக்கையில் தலையைச் சற்றே தாழ்த்திக் குழந்தையின் உச்சியில் முத்தமிட முடிந்தால் உயரம் சரியெனக் கொள்ளலாம். தாயும் தந்தையும் மாறி மாறிச் சுமப்பதாயின் இருவர் உடலுக்கும் பட்டைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். கடையில் குழந்தையை உள்ளே அமர்த்திப் பத்து நிமிடமாவது நடந்து பார்க்காமல் வாங்குவது வீண். அறுவைப் பிரசவம் ஆன தாய், தையல் வடுவின் மீது பட்டை அழுத்தாதவாறு மருத்துவரைக் கேட்ட பின்னரே அணிய வேண்டும்.

மூச்சும் வெப்பமும்

நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கழுத்து நிற்பதில்லை. அதன் மூச்சுக்குழாய் மென்மையாகவும் குறுகலாகவும் இருப்பதால், முகவாய் நெஞ்சில் கவிழ்ந்தாலே ஓசையின்றி மூச்சு தடைபடலாம். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் வெளியிட்ட எச்சரிக்கையில், தோளில் தொங்கவிடும் துணிப்பைகளோடு தொடர்புடைய குறைந்தது 14 குழந்தை இறப்புகள் முந்தைய இருபது ஆண்டுகளில் நேர்ந்திருந்ததைச் சுட்டியது. பக்கிள் கேரியருக்கும் அதே கவனம் தேவை: முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், முகவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே இரு விரல் நுழைய வேண்டும், முதுகு சரியாமல் தாங்கப்பட வேண்டும். பாலூட்டும்போது பட்டையைத் தளர்த்தினால், முடிந்ததும் குழந்தையைப் பழைய உயரத்துக்கு ஏற்றி மீண்டும் இறுக்குவதை மறக்கக் கூடாது.

சித்தூர், திருப்பதிப் பகுதியின் சித்திரை, வைகாசி வெயிலில் இரு உடல்கள் ஒட்டியிருப்பதே பெரும் வெப்பமாகும். வலைத்துணி அல்லது மெல்லிய பருத்தியால் ஆன கேரியரைத் தேர்ந்து, குழந்தைக்கு ஒற்றை உடை மட்டும் அணிவித்து, பிடரியைத் தொட்டு வியர்வையையும் சூட்டையும் அடிக்கடி அறிந்து, விடியற்காலையிலேயே ஏறிவிட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் தராமல் தாய்ப்பாலையே அடிக்கடி தர வேண்டும்.

படிகளில்

முன்பக்கம் சுமக்கும்போது குழந்தையின் உடல் சுமப்பவரின் பாதங்களை மறைப்பதால், ஏறுவதைவிட இறங்கும்போது தடுமாற்றம் மிகுதி. தானே நிலையாக உட்காரும் குழந்தையை, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பின், முதுகில் சுமப்பதே படிகளுக்கு ஏற்றது. ஏற்றி இறக்கவும், தலை சாய்வதைக் கவனிக்கவும் உடன் ஒருவர் வர வேண்டும். இன்னும் தானே உட்காராத சிறிய குழந்தையைப் படிவழியே சுமப்பதைத் தவிர்த்து, வேண்டுதல் உடையவர் நடக்க, மற்றவர் குழந்தையோடு பேருந்தில் மேலே செல்வதே முறையாகும். மூன்று வயதுக் குழந்தை சில படிகள் தானே ஏறி, சில படிகள் தூக்கச் சொல்லும் என்பதால், அதற்கு உயரமான முதுகுத் துணியும், விரைவில் கட்டிக் கழற்றத்தக்க பூட்டுகளும் உள்ள, தன் எடை குறைந்த கேரியர் உதவும்.

வாங்கும்முன்

குழந்தையின் எடைக்குரிய கீழ், மேல் வரம்புகளும், ஐரோப்பிய இ.என். 13209-2 அல்லது அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். எஃப்2236 தரக் குறியீடும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். உறவினரிடமிருந்து பெற்ற பழைய கேரியரில் தையல் பிரிந்திருந்தாலோ பூட்டில் விரிசல் இருந்தாலோ அதைப் பயன்படுத்தலாகாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், கருவில் பிட்டம் கீழாக இருந்த குழந்தைக்கும், குடும்பத்தில் இடுப்பு மூட்டுக் குறைபாடு உள்ள குழந்தைக்கும் கேரியர் வாங்கும்முன் குழந்தை மருத்துவரிடமோ எலும்பியல் மருத்துவரிடமோ காட்ட வேண்டும். எலும்பு, மூட்டு சிகிச்சைக்கெனத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் 'பிர்ட்' மருத்துவமனை திருப்பதியிலேயே உள்ளது.